4 அங்குலக் கல் சுவரில் 55 அங்குல டிவி: முதலில் சுவரைப் பாருங்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட, சுனாமிக்குப் பிறகு கட்டினது. 4 அங்குல சீமெந்துக் கல் சுவர். புதிதாக 55 அங்குல டிவி வாங்கியிருக்கிறீர்கள், ஹோலில் கடல் பக்கச் சுவரில் மாட்ட நினைக்கிறீர்கள், கடைக்காரர் முன்னால் இழுத்துத் திருப்பக்கூடிய கை நீளும் பிரக்கெட் ஒன்றைத் தருகிறார். அதே சுவரில் முந்தி மாட்டியிருந்த 32 அங்குல டிவியின் ஓட்டைகள் தளர்ந்து பூச்சும் பெயர்ந்துவிட்டது என்பதால், சுவர் தாங்குமா என்று பயம். என்ன உயரம், வயர்களைச் சுவருக்குள் விடலாமா, பழைய ஓட்டைகளை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டலாம். ஆனால் அந்தச் சுவரில் வேண்டாம், அந்தப் பிரக்கெட்டும் வேண்டாம். எல்லாரும் பிரக்கெட் எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் கடையில் கேட்கிறார்கள். பெட்டியில் 50 கிலோ என்று போட்டிருக்கும், அது இரும்புத் தகட்டின் பலம். உங்கள் டிவியோ 14இலிருந்து 18 கிலோவுக்குள்தான் இருக்கும் (பெட்டியில் இருக்கும், பாருங்கள்), அந்தப் பாரத்தில் எந்தப் பிரக்கெட்டும் முறியப்போவதில்லை. விழுகிற டிவி பெரும்பாலும் பிரக்கெட்டோடு சேர்ந்து, ஸ்குரூவோடும் பிளக்கோடும் (ஸ்குரூ பிடிக்க ஓட்டைக்குள் போடுகிற பிளாஸ்டிக் உறை) கொஞ்சப் பூச்சோடும் சுவரை விட்டுத்தான் வருகிறது. அதனால் சுவரிலிருந்து தொடங்குவோம்.

நம்ம பக்கத்தில் மூன்று நான்கு வகைச் சுவர்கள் இருக்கின்றன. புளியந்தீவில் உள்ள பழைய வீடுகளில் தடித்த செங்கல் சுவர், சில இடத்தில் சுண்ணாம்புச் சாந்து. கல் நல்லாக இருக்கும், இடையில் உள்ள சாந்து மாவாக உதிரும். பிறகு வந்தவை சீமெந்துக் கல் வீடுகள். இதில் கட்டிக் கல்லும் உண்டு, நடுவில் பொந்து விட்ட கல்லும் உண்டு, இரண்டுக்கும் வேலை முற்றாக வேறு. 2004க்குப் பிறகு நாவலடி, கல்லடி, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று கரை நெடுக அவசரமாக எத்தனையோ வீடுகள் எழும்பின. நல்ல கல்லால் கட்டினதும் இருக்கிறது, சீமெந்து குறைத்து மணலைக் கூட்டி அடித்த கல்லால் கட்டினதும் இருக்கிறது. வெளியே பூசி பெயின்ற் அடித்த பிறகு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். கடைசி வகை மேல்மாடியில் அறை பிரிப்பதற்குப் பலகையாலோ ஜிப்சம் போர்டாலோ போட்ட தடுப்பு. அதில் உள்ளே ஓடும் சட்டத்தைக் கண்டுபிடித்து அதிலேயே ஸ்குரூ இறங்கினால் ஒழிய டிவி மாட்டவே கூடாது.

உங்கள் சுவர் எந்த வகை என்று பார்க்க, முதலில் கை விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். ஆனால் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். பொந்துக் கல்லும் பொத்தென்று கேட்கும், பூச்சு கல்லை விட்டுக் கிளம்பியிருந்தாலும் அப்படித்தான் கேட்கும். சரியான வழி, டிவி மறைக்கப்போகிற இடத்தில் 5 மில்லிமீற்றர் பிட்டால் ஒரு சோதனை ஓட்டை போடுவது. ட்ரில்லில் ஹேமரை நிறுத்திவிட்டு மெதுவாக இறக்குங்கள். முதல் 12இலிருந்து 20 மில்லிமீற்றர் வரை பூச்சு, அது சுலபமாகப் போகும். அப்புறம் இறுக்கம் மாறும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்து, இறுக்கம் குறையாமல் 80 மில்லிமீற்றர் வரை போனால் கட்டிக் கல், சந்தோஷப்படலாம். ஏறத்தாழ 40, 45 மில்லிமீற்றரில் பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் பொந்துக் கல். தூள் ஈரமாக, பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் சுவருக்குள் தண்ணீர் நிற்கிறது. கையில் தேய்த்துப் பார்க்கும்போது வெறும் கடல் மணல் மாதிரி உதிர்ந்தால் கல்லே பலமில்லை, அல்லது இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் போட்டிருக்கிறீர்கள். அரை அடி தள்ளி இன்னொன்று போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கடல் பக்கச் சுவரை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் மாரி. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு வரும் மழை நேராக அந்தப் பக்கத்தில்தான் அடிக்கும். 4 அங்குலக் கல்லும் வெளிப் பூச்சும் அதை முழுதாகத் தடுக்காது, உள்ளே ஈரம் ஊறும். வெயில் வந்ததும் காயும், காயும்போது சுவரில் இருக்கும் உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும், பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். வருடா வருடம் இது நடக்கும். உங்கள் பழைய டிவியின் ஓட்டைகளைச் சுற்றிப் பூச்சு பெயர்ந்ததற்குப் பிளக் சின்னது என்பது பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி இதுவாகத்தான் இருக்கும். ஈரச் சுவரில் ஒட்டியபடி டிவியின் பின்பக்கம் மாதக்கணக்கில் இருப்பதும் நல்லதல்ல, பின்னால் உள்ள துவாரங்களால் உப்புக் காற்று போய் உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்டைப் பிடிக்கும். ஆகவே ஹோலுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள். அதன் மறுபக்கம் குளியலறையோ குசினியோ இருந்தால் தண்ணீர்க் குழாய் எங்கே ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த யன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் காலை வெயிலில் படமே தெரியாது, அதையும் இப்போதே யோசித்துவிட்டால் நல்லது.

இனிப் பிரக்கெட். சுவரோடு ஒட்டி நிற்கும் சாதாரணப் பிரக்கெட்டில் டிவியின் பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும். ஸ்குரூவைக் கீழே அழுத்தும் பாரத்தை ஓரளவு நல்ல கல் எதுவும் தாங்கும். ஸ்குரூவை வெளியே பிடுங்கும் விசைதான் ஆபத்தானது. 16 கிலோ டிவியின் பாரம் சுவரிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது, பிரக்கெட்டின் மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் 20 சென்ரிமீற்றர் இடைவெளி என்று வைப்போம். 16ஐ 5ஆல் பெருக்கி 20ஆல் பிரித்தால் 4. அதாவது மேல் ஸ்குரூக்கள் எல்லாம் சேர்ந்து 4 கிலோ அளவுக்குத்தான் இழுபடுகின்றன. அதே டிவியைக் கை நீளும் பிரக்கெட்டில் 45 சென்ரிமீற்றர் முன்னால் இழுத்துவிட்டால் 16ஐ 45ஆல் பெருக்கி 20ஆல் பிரிக்க வேண்டும், 36 கிலோ. ஒன்பது மடங்கு. அந்தக் கை இரும்பின் சொந்தப் பாரம் இதில் சேரவில்லை. ஒவ்வொரு தரமும் திருப்பும்போது ஸ்குரூ ஆடும், ஆடினால் ஓட்டை அகலும். அதோடு, நீட்டி நிற்கும் டிவியில் ஒரு பிள்ளை பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். மூலையில் மாட்டி இரண்டு அறைக்கும் திருப்பியே ஆக வேண்டும் என்ற தேவை இருக்கிற வீட்டில், கொங்கிறீற் தூண் இருந்தால் அதில் போடலாம். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. அசையாத பிரக்கெட், அல்லது கொஞ்சம் கீழே சாய்க்கக்கூடியது, இரண்டில் ஒன்று எடுங்கள். விலையும் குறைவு.

வாங்கும்போது டிவியின் பின்னால் உள்ள நான்கு ஓட்டைகளின் இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். உலகம் முழுக்க இதற்கு வெசா (VESA) என்ற ஒரே அளவுமுறைதான், மில்லிமீற்றரில் சொல்வார்கள்: 200க்கு 200, 400க்கு 200, 400க்கு 400 என்று. முதல் எண் குறுக்கு, இரண்டாவது நெடுக்கு. சின்ன டிவிகளில் 4 மில்லிமீற்றர் ஸ்குரூ, 55 அங்குலத்தில் பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீற்றர் ஸ்குரூ. நீளத்தில்தான் கவனம் வேண்டும். நீளம் கூடினது உள்ளே போய்ப் பனலைக் குத்தும், அது திருத்த முடியாத சேதம். நீளம் போதாதது இரண்டு புரியில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓர் ஈர்க்கை ஓட்டைக்குள் மெதுவாக விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்தோடு பிரக்கெட் தகட்டின் தடிப்பையும் வாஷரையும் கூட்டி, அதைவிட இரண்டு மில்லிமீற்றர் குறைந்த ஸ்குரூவை எடுங்கள். கையால் ஐந்தாறு சுற்று இலேசாகப் போக வேண்டும், ஆரம்பத்திலேயே ஸ்பேனர் தேவைப்பட்டால் அது பொருந்தாத ஸ்குரூ. டிவியோடு வந்த ஸ்டாண்ட் ஸ்குரூக்களை இதற்குப் பாவிக்க வேண்டாம்.

பிரக்கெட் பெட்டிக்குள் வரும் பிளாஸ்டிக் பிளக்குகளையும் சுவர் ஸ்குரூக்களையும் நான் பாவிப்பதில்லை, நீங்களும் ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். அவை நல்ல கொங்கிறீற்றில் நிற்கும், நம்ம வீட்டுப் பூச்சுக்கும் கல்லுக்கும் நீளம் போதாது. ஹாட்வெயார் கடையில் 10 மில்லிமீற்றர் தடிப்பும் 60 மில்லிமீற்றருக்குக் குறையாத நீளமும் உள்ள நைலோன் ரோல் பிளக் கேளுங்கள். ஜெர்மனிக்காரர் ஆர்தர் ஃபிஷர் 1958இல் கொண்டுவந்த வடிவம் இது, ஸ்குரூ இறங்க இறங்கப் பிளக் பிரிந்து விரிந்து கல்லைப் பிடிக்கும். கையால் வளைத்தால் வெடிக்கும் மலிவுப் பிளாஸ்டிக்கை வாங்க வேண்டாம், நைலோன் வளைந்து கொடுக்கும். அதற்கு 7 அல்லது 8 மில்லிமீற்றர் தடிப்பும் 80 மில்லிமீற்றர் நீளமும் உள்ள, ஸ்பேனரால் இறுக்கும் ஆறு மூலைத் தலை ஸ்குரூ. கல்லடியில் இருக்கிறீர்கள், அதனால் துருப்பிடிக்காத எஃகு கிடைத்தால் அதுதான், கிடைக்காவிட்டால் தடிப்பாக நாக முலாம் பூசினது. சாதாரண மஞ்சள் ஸ்குரூ இரண்டு மாரியில் துருப்பிடித்துச் சுவரில் கோடு விழும்.

ஏன் இவ்வளவு நீளம் என்றால், பூச்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 15 மில்லிமீற்றர் பூச்சு ஒரு தோல் மட்டும்தான், அது எதையும் தாங்குவதில்லை. பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போயிருக்க வேண்டும். சுவர் முகத்தோடு சமமாகப் பிளக்கை விட்டுவிட்டால் அது பூச்சுக்குள் விரிந்து பூச்சையே வெடிக்கச் செய்யும். இரும்பாலான விரியும் ஆங்கர் போல்ட்டைச் சிலர் பெரிய பலம் என்று நினைத்துக் கல் சுவரில் அடிக்கிறார்கள். அது கொங்கிறீற்றுக்கு உரியது. 4 அங்குலக் கல்லில் இறுக்க இறுக்கக் கல்லைப் பிளக்கும், முதல் நாள் கிண்ணென்று நிற்கும், பிளவு பிறகுதான் தெரியும். தயவுசெய்து இதற்கு யாரையும் விடாதீர்கள். மரக்கட்டை ஆப்பு அடிப்பதும் அந்தக் காலத்தில் படம் மாட்டச் சரி. மாரியில் ஊதி, கச்சான் காற்றுக் காலத்தில் சுருங்கி, கடைசியில் கறையானுக்குச் சாப்பாடாகும்.

உங்கள் சோதனை ஓட்டையில் பொந்துக் கல் என்று தெரிந்தால் மேலே சொன்ன பிளக் வேலைக்கு வராது, விரிந்து பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லை. அப்போது இரண்டு வழி. ஒன்று, உள்சுவர் என்பதால் மறுபக்கம் அறைதானே, சுவரை முழுதாகத் துளைத்து 8 மில்லிமீற்றர் புரிக்கம்பியை விட்டு, மறுபக்கம் உள்ளங்கையளவு இரும்புத் தகடும் நட்டும் போட்டு இறுக்குவது. சுவரே நடுவில் அகப்பட்டுக்கொள்ளும், பிடுங்கி வரவே முடியாது. அறைப் பக்கம் நான்கு தகடு தெரியும், பெயின்ற் அடித்துவிடலாம் அல்லது அலுமாரியை அந்தப் பக்கம் தள்ளலாம். மிதமாக இறுக்குங்கள், பலத்தைக் காட்டினால் பொந்துக் கல்லின் ஓடு நொறுங்கும். எனக்குக் கேட்டால் நம்ம வீடுகளுக்கு இதைவிட நம்பிக்கையான முறை இல்லை, கட்டிக் கல்லின் பலத்தில் சந்தேகம் இருந்தாலும் இதையே செய்யலாம். மற்ற வழி, வலைச் சட்டைக்குள் இரசாயனப் பசையைச் செலுத்திக் கம்பியைப் பதிப்பது. நல்ல முறைதான், பசை விலை கூட, காய்வதற்கு விட வேண்டும், பழகின கை வேண்டும்.

கல் மாவாக உதிர்கிறது, மறுபக்கமும் தகடு போட வழியில்லை என்றால் மாட்டாதீர்கள். அகலமான, உயரம் குறைந்த மேசையில் வைத்து, டிவி முன்னால் சரியாமல் பின்னால் ஒரு பட்டியால் மேசையோடு கட்டிவிடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

உயரம். இதில் நம்ம ஊரில் நடக்கிற தவறு எனக்கு உண்மையாகவே கவலை. சாமிப்படமும் குடும்பப்படமும் மாட்டின வரிசையிலேயே டிவியையும் ஏற்றிவிடுகிறார்கள், அதாவது கீழ் விளிம்பே 5 அடியில். 55 அங்குல டிவி ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் உயரம், அப்படியென்றால் திரையின் நடு 185 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும். செற்றியில் இருக்கிறவரின் கண் 105 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். 3 மீற்றர் தள்ளி இருந்தால் 15 பாகை நிமிர்ந்து பார்க்க வேண்டும். உங்கள் அம்மா பாயில் இருந்து பார்க்கிறவர் என்கிறீர்கள், அவரின் கண் 75, 80 சென்ரிமீற்றரில், அவருக்கு 20 பாகை. இரண்டு மணித்தியாலம் அப்படிப் பார்த்தால் இரவு கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்! திரையின் நடு 100இலிருந்து 105 சென்ரிமீற்றருக்குள் வரட்டும், அதாவது கீழ் விளிம்பு தரையிலிருந்து 65, 70 சென்ரிமீற்றர். செற்றிக்கு நேர், அம்மாவுக்கு 5 பாகை மட்டும், அது தெரியவே தெரியாது. பார்க்கும்போது மிகவும் தாழ்வாகத் தெரிகிறதே என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், டிவியைப் போட்டு இருந்து பார்த்த பிறகு சொல்ல மாட்டார்கள். சந்தேகமென்றால் டிவி வந்த பெட்டியின் மட்டையைத் திரை அளவுக்கு வெட்டி ரேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு பின்னேரம் அம்மாவைப் பாயில் இருத்திக் கேட்டுப் பாருங்கள். தூரம் 55 அங்குலத்துக்கு ஏழரை அடியிலிருந்து 10 அடி வரை சரி. படுக்கையறையில் படுத்தபடி பார்ப்பது என்றால் கொஞ்சம் உயர்த்திச் சாய்க்கலாம், அது வேறு கணக்கு.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன், இதை அவசரப்படாமல் வாசியுங்கள். வயர் தெரியக்கூடாது என்பதற்காகப் பிளக் பொயின்ற்றை டிவிக்குப் பின்னாலேயே வைக்கச் சொல்வார்கள். படத்தில் அழகு. நம்ம பக்கத்தில் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரமானால் இடி மின்னல். மின்னல் வீட்டில் விழ வேண்டியதில்லை, தூரத்தில் விழுந்தாலும் லைன் வழியாகவும் டிஷ் வயர் வழியாகவும் வரும் அதிர்வு ஒரு நொடியில் டிவியை முடித்துவிடும். சுவிட்சை நிறுத்தினால் போதாது, சுவிட்சின் அந்தச் சின்ன இடைவெளியை அது தாண்டும். ட்ரிப் சுவிட்ச் மனிதருக்கு ஷொக் அடிக்காமல் காப்பது, மின்னலிலிருந்து டிவியைக் காக்காது. மழை இருட்டும்போதே பிளக்கைக் கழற்ற வேண்டும், டிஷ் வயரையும் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும். மின்னல் வெட்டத் தொடங்கின பிறகு கை வைக்கக் கூடாது. அப்படியென்றால் பிளக் உங்கள் அம்மாவும் தனியாக எட்டிக் கழற்றக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், டிவியின் பக்கவாட்டில் அல்லது கீழே. டிவிக்குப் பின்னால் பிளக்கும், கையை நுழைக்க முடியாத இரண்டு அங்குல இடைவெளியும் என்றால் யாரும் கழற்ற மாட்டார்கள். அதேநேரம் தரையோடு ஒட்டியும் வேண்டாம். 2011 ஜனவரி வெள்ளம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை வீடுகளுக்குள் வந்தது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு அடி உயரத்தில், டிவியின் ஓரத்துக்கு வெளியே ஒரு 13 அம்பியர் பொயின்ற் என்பது என் தெரிவு. எக்ஸ்டென்ஷன் வயரைப் பின்னால் ஒளித்துத் தொங்கவிடுவதும், இரண்டு கால் பிளக்கை மூன்று கால் பிளக் பேஸில் ஆட விட்டு நெருப்புப் பொறி பறக்க வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

சுவரை வெட்டி வயரை உள்ளே விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நெடுக்காக, மேலிருந்து கீழே, சுவரின் தடிப்பில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகாமல் வெட்டலாம், 4 அங்குலக் கல்லில் ஏறத்தாழ 33 மில்லிமீற்றர். குறுக்காக வெட்டினால் ஆறில் ஒன்றுதான் அளவு, அதாவது 16 மில்லிமீற்றர். அதற்குள் குழாய் அடங்காது என்பதால் குறுக்கே வெட்ட வேண்டாம் என்றே சொல்வேன். பொந்துக் கல்லில் எந்தப் பக்கமும் வெட்ட வேண்டாம். சுவர் நிறத்தில் பெயின்ற் அடித்த பிவிசி கேசிங் ஒன்றைக் கீழே இறக்கினால் கண்ணில் படாது, நாளைக்கு எச்டிஎம்ஐ வயர் மாற்ற வேண்டி வந்தாலும் சுலபம்.

ஓட்டை போடும் முன் அந்தச் சுவரில் பழைய வயர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள், அந்தக் கோட்டிலிருந்து ஓர் அடியாவது விலகுங்கள். பிரக்கெட்டைச் சுவரில் பிடித்து நீர்மட்டம் வைத்துப் பார்த்துப் பென்சிலால் குறிக்க வேண்டும், கூரையையோ யன்னலையோ பார்த்து மட்டம் பிடிக்கக் கூடாது, அவையே சாய்ந்திருக்கும். டிவியின் பின்னால் மேல் ஓட்டையிலிருந்து கீழ் விளிம்பு வரை அளந்து, அதோடு 65 அல்லது 70 சென்ரிமீற்றரைக் கூட்டி, பிரக்கெட்டின் கொக்கி எங்கே பிடிக்கிறது என்பதையும் சேர்த்தால் சுவரில் குறிக்க வேண்டிய உயரம் வரும். முதலில் 6 மில்லிமீற்றர் பிட், பிறகு 10. கட்டிக் கல்லில் ஹேமர் போடலாம், செங்கல்லிலும் பொந்துக் கல்லிலும் போடாமல் மெதுவாகத்தான். பிட்டில் 90 மில்லிமீற்றரில் ரேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது. ட்ரில்லை நேராகப் பிடியுங்கள், ஆட்டினால் ஓட்டை வாய் அகன்று பிளக் சும்மா சுழலும். உள்ளே இருக்கும் தூளை ஊதியோ பழைய பிரஷ்ஷால் சுரண்டியோ முழுதாக எடுக்க வேண்டும், தூளோடு போட்ட பிளக் பாதிப் பிடிதான். பிளக் கையால் தள்ளும்போது சுலபமாகப் போனால் ஓட்டை பெரிது, சுத்தியலால் இலேசாகத் தட்டித்தான் போக வேண்டும். ஒரு ஓட்டை கெட்டுவிட்டால் நெருப்புக்குச்சி, கடதாசி திணித்து ஏமாற்றாமல் இரண்டு அங்குலமாவது தள்ளிப் புதிதாகப் போடுங்கள், பிரக்கெட்டில் அதற்காகத்தானே நீளமான துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். 55 அங்குலத்துக்கு மேலே மூன்று, கீழே மூன்று என்று ஆறு ஸ்குரூ போட்டால் நிம்மதி.

பிரக்கெட் மட்டும் சுவரில் இருக்கும்போது அதன் மேல் விளிம்பைப் பிடித்துக் கீழேயும் உங்கள் பக்கமாகவும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஸ்குரூத் தலையைச் சுற்றி மயிரளவு அசைவு தெரிந்தாலும் டிவியை ஏற்றக் கூடாது. ஏற்றும்போது இரண்டு பேர், இரண்டு பக்கமும், அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் பிடித்து, நிமிர்ந்தபடி. திரையில் விரல் அழுத்தவோ மெத்தையில் குப்புறப் போட்டு அதன்மேல் கையை ஊன்றவோ கூடாது, இந்தப் பனல்கள் அவ்வளவு மெல்லியவை. எச்டிஎம்ஐ, யுஎஸ்பி வயர்களை மாட்டுவதற்கு முன்பே செருகிவிடுங்கள், மாட்டின பிறகு கை போகாது. கொக்கி இரண்டு பக்கமும் விழுந்த சத்தம் கேட்ட பிறகும் கையை விடாமல் கீழ்ப்பூட்டுத் திருகைப் போடுங்கள். மாரி முடிந்ததும் ஒரு தரம் ஸ்குரூக்களைப் பாருங்கள், பின்னால் குளவி மண்கூடு கட்டியிருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள், துவாரம் அடைபட்டால் டிவி சூடாகும்.

ஆள் பிடித்துச் செய்வதென்றால் கடையிலிருந்து வருகிற பையன்கள் கெட்டிக்காரராக இருப்பார்கள், ஆனால் ஒரு பின்னேரத்தில் நாலு வீடு முடிக்க வேண்டிய அவசரத்தில் வருவார்கள், கையில் இருக்கிற பிளக்கைத்தான் போடுவார்கள். பிளக்கையும் ஸ்குரூவையும் நீங்களே வாங்கி வைத்திருந்து, தம்பி இதைப் போடுங்கள், முதலில் சோதனை ஓட்டை ஒன்று போடுங்கள் என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள். உயரத்தையும் நீங்களே பென்சிலால் குறித்து வையுங்கள். புதிய பிளக் பொயின்ற்றை மட்டும் அனுமதி உள்ள மின்வேலையாளிடம் கொடுங்கள், அதில் பேரம் வேண்டாம்.

கடல் பக்கச் சுவரின் பழைய ஓட்டைகளுக்கு, பிளக்கை இடுக்கியால் பிடுங்கி, ஆடுகிற பூச்சு முழுவதையும் தட்டி உதிர்த்து, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். ஓட்டையை மட்டும் இலேசாக நனைத்துச் சீமெந்துச் சாந்தை ஈர்க்கால் குத்தி நிரப்பி, மேலே பூசிக் காய விடுங்கள். புட்டியும் பெயின்ற்றும் இப்போது வேண்டாம், கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அடித்தால்தான் பிடிக்கும், அதற்கு முன் வெளிப்பக்கப் பூச்சில் வெடிப்பு இருந்தால் அதை மேசனைக் கொண்டு அடைத்துவிடுங்கள்.